30 டிகிரி நீரில் தோன்றும் குமிழி எஃகை அரிப்பது எப்படி?

கேள்வி: ஆலைப்பொறியாளர்

எங்கள் ஆலையின் குளிர்நீர்ச் சுற்றில் ஓடும் மையவிலக்குப் பம்பைப் பிரித்தபோது, சுழன்று நீரைத் தள்ளும், துருப்பிடிக்காத எஃகாலான இம்பெல்லரின் இதழ்கள் குழிகுழியாக அரிபட்டிருந்தன. கேவிட்டேஷன்தான் காரணம் என்பதில் ஐயமில்லை. அழுத்தம் குறையும் இடத்தில் நீர் கொதித்துக் குமிழியாகிறது என்று படித்திருக்கிறோம். ஆனால் அடுப்பில் கொதிக்கும் நீரும் குமிழி விடுகிறது, எந்தப் பாத்திரமும் அதனால் அரிபடுவதில்லை. 100 டிகிரியில் நேராத சேதம் 30 டிகிரியில் எப்படி நேர்கிறது? இதே குமிழிகளால் கல்லீரல் கட்டியை அழிக்கிறார்கள் என்றும், அதில் கொதித்தலைப் பயன்படுத்தும் வகை தனியே உண்டு என்றும் அறிகிறேன். கொதித்தலும் கேவிட்டேஷனும் ஒன்றா, இரண்டா?

பதில்: ஆவியழுத்தம்

குமிழி பிறக்கும்போது சேதம் நேர்வதில்லை, மடியும்போதுதான் நேர்கிறது. 100 டிகிரியில் குமிழிக்குள் இருக்கும் ஆவியின் அழுத்தம் வெளியழுத்தத்துக்குச் சமமாக இருப்பதால், அதை நசுக்க எதுவுமில்லை. 30 டிகிரியிலோ ஆவியழுத்தம் சுமார் 4.2 கிலோபாஸ்கல் மட்டுமே, அதாவது வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ இருபத்துநான்கில் ஒரு பங்கு. அப்படிப்பட்ட குமிழி அழுத்தம் கூடிய பகுதிக்குள் நுழைந்ததும், உள்ளிருக்கும் ஆவி மீண்டும் நீராகிவிட, சுற்றியுள்ள நீர் தடையின்றி உள்நோக்கிப் பாய்கிறது. அருகில் உலோகச் சுவர் இருந்தால் குமிழி ஒருபக்கமாகச் சரிந்து, சுவரை நோக்கி ஊசிபோன்ற நீர்த்தாரையைச் செலுத்துகிறது. அதன் வேகம் நொடிக்கு 100 மீட்டரை ஒட்டிச் செல்லக்கூடும். கூடவே அதிர்வலையும் எழுகிறது.

அடுப்பு நீரையும் முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது. கொதி வருவதற்கு முன் கெட்டில் எழுப்பும் இரைச்சல், அடியில் பிறந்த ஆவிக்குமிழிகள் மேலேயுள்ள குளிர்ந்த நீரில் மடிவதால் வருவதுதான். இயற்பியலாளர் ரேலி பிரபு 1917இல் குமிழியின் சரிவைக் கணக்கிட்ட கட்டுரை, கெட்டிலின் ஓசை குறித்து ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் எழுதியதிலிருந்தே தொடங்குகிறது. கப்பல் உந்திகளின் பின்னால் எழும் கேவிட்டேஷன் பற்றி பொறியாளர் சார்லஸ் பார்சன்ஸும் அதே வினாவோடு இருந்ததை அறிந்ததாக அதில் குறிப்பிடுகிறார். ஆகவே உங்கள் இரண்டு வினாக்களும் நூறாண்டுக்கு முன்பே ஒரே கட்டுரையில் சந்தித்துவிட்டன.

பதில்: அச்சுமுனை

கொதித்தலும் கேவிட்டேஷனும் ஒரே இடத்தில் நடப்பதற்கு வெப்பவகை இங்க்ஜெட் அச்சுப்பொறி நல்ல சான்று. மிகச்சிறிய சூடேற்றி சில மைக்ரோ விநாடிகளில் மையைச் சூடாக்குகிறது. வழக்கமான கொதித்தலுக்கு அங்கே நேரமே இல்லாததால், நீர் 100 டிகிரியைத் தாண்டி 300 டிகிரியை நெருங்கியபின் ஒரே வீச்சில் ஆவியாகி மைத்துளியை வெளியே தள்ளுகிறது. அடுத்த கணம் அந்த ஆவிக்குமிழி குளிர்ந்து சூடேற்றியின் மீதே மடிகிறது. அந்த அடியைத் தாங்குவதற்காகத்தான் சூடேற்றியின் மேல் டான்டலம் என்ற உலோகப் படலம் பூசப்படுகிறது. பிறப்பு கொதித்தலால், சேதம் கேவிட்டேஷனைப் போல.

பதில்: மீயொலி

மருத்துவத்தில் நீங்கள் குறிப்பிடும் முறையின் பெயர் ஹிஸ்டோட்ரிப்ஸி. கல்லீரல் கட்டிகளுக்கான இத்தகைய கருவி ஒன்றுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023 அக்டோபரில் அனுமதி அளித்தது. அதில் சில மைக்ரோ விநாடிகளே நீளும் மீயொலித் துடிப்பு திசுவிலுள்ள நீரை 25 மெகாபாஸ்கலுக்கும் மேற்பட்ட எதிர்மறை அழுத்தத்தால் இழுத்துப் பிளக்கிறது. அப்போது பிறக்கும் குமிழிக்கூட்டம் விரிந்து மடிந்து செல்களைச் சிதைத்துவிடுகிறது. கொதித்தலைப் பயன்படுத்தும் வகையில் துடிப்பு சில மில்லி விநாடிகள் நீள்கிறது. குவியத்தில் உருவாகும் அதிர்வலைகள் அந்தச் சிறு புள்ளியை மட்டும் 100 டிகிரிக்குக் கொண்டுசென்று ஆவிக்குமிழியை உண்டாக்க, தொடர்ந்து வரும் அலைகள் அதில் மோதித் திசுவைத் துகளாக்குகின்றன. துடிப்புகளுக்கிடையே நீண்ட இடைவெளி விடுவதால் சுற்றுப்புறம் வெந்துபோவதில்லை.

குமிழி தொல்லையாவதும் உண்டு. சிறுநீரகக் கல்லை அதிர்வலையால் உடைக்கும்போது நிமிடத்துக்கு 120 அடிகளைவிட 60 அடிகளே பொதுவாக நன்கு உடைக்கின்றன. வேகமாக அடித்தால் முந்தைய அடியின் குமிழிகள் கலையாமல் நின்று அடுத்த அலையின் ஆற்றலைத் தடுக்கின்றன. அவசரப்படுவதால் பயனில்லை.

பதில்: வேர்நீர்

தாவரங்களில் கதை வேறு. வேரிலிருந்து நீரை மேலேற்றும் சைலக் குழாய்களில் நீர் பெரும்பாலும் இழுவிசையில் இருப்பதால், அங்கே பிறக்கும் குமிழி மடிவதில்லை. விரிந்து, காற்றால் நிரம்பி, குழாயையே அடைத்துவிடுகிறது. நீர்த்தம்பம் அறுபடும் அதிர்வை மில்பர்னும் ஜான்சனும் 1966இல் ஆமணக்குச் செடியில் கருவி வைத்துப் பதிவு செய்தார்கள்.

ஆலைப்பொறியாளர்

மிக்க நன்றி. அப்படியானால், எங்கள் குளிர்நீர்ச் சுற்றின் நீரைச் சற்றுச் சூடாக ஓடவிட்டால் அரிப்பு குறையும் என்று கொள்ளலாமா?

பதில்: ஆவியழுத்தம்

வேண்டாம். கொதிநிலையை நெருங்கும்போது ஒவ்வொரு குமிழியின் தாக்கமும் தணியும் என்பது உண்மையே. ஆனால் ஆவியழுத்தம் உயர்வதால் குமிழிகள் பெருகி, பம்பின் அழுத்தமும் ஓட்டமும் சரிந்துவிடும். இடைப்பட்ட வெப்பநிலையில் அரிப்பு கூடவும் செய்யும். உறிஞ்சு பக்க வடிகட்டி அடைபட்டுள்ளதா என்று முதலில் பாருங்கள், தொட்டியின் நீர்மட்டத்தை உயர்த்துங்கள். ஓட்டத்தைக் குறைக்க வேண்டியிருந்தால் வெளியேற்று வால்வை நெருக்குங்கள், உறிஞ்சு வால்வை ஒருபோதும் நெருக்காதீர்கள்.