ஆட்சி மாறினால் சங்கத்தின் குரலும் மாறுவது ஏன்?

டெப்போ நண்பன்:
2018 ஜனவரியில் அரசுப் போக்குவரத்துக் கழகங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது அதிமுக ஆட்சி. திமுகவின் சங்கமான தொமுசவும் மார்க்சிஸ்ட் கட்சியைச் சார்ந்த சிஐடியுவும் பஸ்ஸை நிறுத்தின, அதிமுகவின் அண்ணா தொழிற்சங்கம் ஓட்டியது. 2024 ஜனவரி 9 அன்று மறுபடியும் வேலைநிறுத்தம், இந்த முறை திமுக ஆட்சி. அண்ணா தொழிற்சங்கம் சிஐடியுவோடு சேர்ந்து நிறுத்தியது, தொமுச ஓட்டியது. இரண்டு முறையும் முக்கியக் கோரிக்கைகள் ஊதிய உயர்வும் ஓய்வு பெற்றவர்களுக்குச் சேர வேண்டிய பாக்கியும்தான். பல வருடமாக அகவிலைப்படி உயர்வு வராமல் மருந்துக் கடையில் கடன் சொல்லி நின்ற பழைய கண்டக்டருக்கு யார் ஆட்சியில் இருந்தால் என்ன? சங்கத்துக்குக் கட்சி கூடவே கூடாது என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

சிவப்புத் துண்டு:
நான் மறுக்கிறேன் தோழர். போனஸ், வருங்கால வைப்பு நிதி, எட்டு மணி நேர வேலை எல்லாம் சட்டமாக நிற்கின்றன. சட்டம் போடுகிற இடத்தில் நம் ஆள் இல்லாவிட்டால் கேட்டில் நின்று கத்துவதோடு வேலை முடிந்துவிடும். 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. வெளியே எல்லாச் சங்கமும் எதிர்த்தது, தொமுச உட்பட. மே தினத்தன்று மசோதாவைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். உள்ளே கட்சி இல்லாமல் இது பத்தே நாளில் நடந்திருக்குமா?

டெப்போ நண்பன்:
நடந்திருக்காது, சரி. ஆனால் அன்று தொமுச தன் கட்சியின் அரசை எதிர்த்தது, அதனால்தான் பலன் கிடைத்தது. கட்சி விசுவாசத்தை மீறியதால் வந்த வெற்றியை விசுவாசத்தின் கணக்கில் எழுதாதீர்கள்.

கிளைப் பொறுப்பாளர்:
நான் தொமுச. பஸ்ஸை ஓட்டியதைத் துரோகம் என்று சொல்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். பொங்கலுக்கு ஊர் போகிற நேரம், பேச்சுவார்த்தைக் கதவும் மூடவில்லை. அந்த நிலையில் பஸ்ஸை நிறுத்தினால் பொதுமக்களின் கோபம் தொழிலாளி மீதுதான் விழும்.

இன்னொன்று. ஒரு டிரைவருக்கு மெமோ வருகிறது, சஸ்பெண்ட் ஆகிறான். அவன் வீட்டுக்காரம்மா ராத்திரி பத்து மணிக்கு யாருக்குப் போன் போடுவார்? அமைச்சர் அலுவலகம் வரை பேசக்கூடிய ஆளுக்குத்தான். அந்தக் காரியத்தை முடித்துக் கொடுக்கிறோம். எத்தனையோ குடும்பத்துக்குச் சங்கம் என்றாலே அதுதான். அதை இழிவாகப் பேசாதீர்கள் அண்ணே.

டெப்போ நண்பன்:
இழிவாகப் பேசவில்லை அண்ணே. ஆனால் நோயே அதுதான் என்கிறேன். நான் வேலை பார்த்த பணிமனையில் தேர்தல் முடிவு வந்த அடுத்த வாரமே டூட்டி போடும் மேசையைச் சுற்றி நிற்கும் ஆட்கள் மாறிவிடுவார்கள். நேற்றுவரை நிரந்தர ரூட் இல்லாமல் ஸ்பேரில் உட்கார்ந்திருந்தவனுக்கு நல்ல ரூட் கிடைக்கும், நல்ல ரூட்டில் இருந்தவன் ஸ்பேருக்கு வருவான். சந்தா படிவம் கட்டுக்கட்டாக வந்து இறங்கும், பாதிப் பேர் சங்கம் மாறுவார்கள். அதற்குக் கொள்கை காரணமில்லை. பிள்ளைக்குப் பரீட்சை நேரத்தில் நைட் டூட்டி போட்டுவிடுவார்களோ என்ற பயம் காரணம். கொடி மாறாமல் நின்ற சிலர் ஐந்து வருடம் கஷ்டப்பட்டார்கள், என் கண் முன்னால் பார்த்தது. உரிமையாக வர வேண்டியதைச் சலுகையாக வாங்கிப் பழகிவிட்டால், சலுகை கொடுக்கிறவனை எதிர்த்து எப்படி நிற்பது?

கிளைப் பொறுப்பாளர்:
டூட்டி விஷயத்தில் தவறு நடக்கிறது, மறுக்கமாட்டேன். சீனியாரிட்டிப்படி சார்ட் எழுதி போர்டில் ஒட்டச் சொல்லிக் கேட்போம். அதற்குச் சங்கத்தையே கட்சியிலிருந்து பிரிக்க வேண்டுமா?

ஒரகடம் ஒப்பந்தம்:
நான் பெண் தொழிலாளி, கான்ட்ராக்ட்டில் இருக்கிறேன். இங்கே பேசுகிற எல்லோரும் நிரந்தரம் என்று தெரிகிறது. எங்கள் கம்பெனி கேட்டில் மூன்று கொடி பறக்கிறது, மூன்றுக்கும் நாங்கள் உறுப்பினர் இல்லை. ஓட்டுக்கு மட்டும் எங்கள் தெருவுக்கு வருவார்கள்.

அப்புறம், சங்கத்தில் இருப்பவர் எல்லாம் அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறார் என்று நீங்களாக எடுத்துக்கொள்கிறீர்கள். என் அண்ணன் சிஐடியு. சம்பளப் பேச்சுக்கு அவர்களை நம்புவார், ஓட்டு மட்டும் எப்போதும் இரட்டை இலைக்கு. அவர் யூனிட்டில் பாதிப் பேர் இப்படித்தான். சிஐடியு உறுப்பினர்களின் ஓட்டு எல்லாம் ஒரே பக்கம் விழுந்திருந்தால் இந்தத் தொழிற்பேட்டைத் தொகுதிகளின் முடிவே வேறு மாதிரி இருந்திருக்கும். தலைவர்களின் கட்சி வேறு, உறுப்பினரின் கட்சி வேறு.

பெரம்பூர் பெரியவர்:
இந்தத் தங்கச்சி சொன்னதுதான் விஷயம். 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆரம்பித்தபோது பி.பி.வாடியா தலைவர், கூடவே திரு.வி.க. இருந்தார். வாடியா இந்தியாவுக்குத் தன்னாட்சி கேட்ட ஹோம்ரூல் இயக்கத்துக்காரர், திரு.வி.க. காங்கிரஸ்காரர். அரசியல் இல்லாத சங்கம் என்று ஒரு காலம் இருந்ததே இல்லை. ஆனால் 1921 பின்னி மில் வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பெரும்பாலும் சேரவில்லை. புளியந்தோப்பில் கலவரம் வந்தது, கட்சிகள் ஆளுக்கொரு பக்கம் பேசின, மில் முதலாளி ஜெயித்தான். வேலை பார்க்கிற இடத்தில் ஒற்றுமை கட்டாமல் வெளியே இருந்து ஆதரவு வந்தால் இதுதான் கதி.

1926 தொழிற்சங்கச் சட்டத்தின் 16ஆவது பிரிவைப் பலர் படித்ததில்லை. அரசியல் செலவுக்குச் சங்கம் தனி நிதி வைக்கலாம், ஆனால் அதற்குப் பணம் கொடுக்கும்படி உறுப்பினரைக் கட்டாயப்படுத்தக் கூடாது, கொடுக்காதவனைச் சங்கப் பலன்களிலிருந்து ஒதுக்கவும் கூடாது என்று அதில் எழுதியிருந்தார்கள். எத்தனை கிளையில் அந்தக் கணக்கைத் தனியாகக் காட்டினார்கள்?

சிவப்புத் துண்டு:
கணக்குக் காட்ட வேண்டும், ஒத்துக்கொள்கிறேன் ஐயா. ஆனால் கட்சி இருந்தால் பல் பிடுங்கிவிடும் என்பதை ஏற்கமாட்டேன். 2024 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் சிஐடியு ஆதரவோடு வேலைநிறுத்தம் நடந்தது. மார்க்சிஸ்ட் கட்சி ஆளுங்கட்சியின் கூட்டணியில்தான் இருந்தது. போலீஸ் பந்தலைப் பிரித்தது, தொழிலாளிகளைப் பிடித்தது. 37 நாள் நின்றோம். அடுத்த ஜனவரியில் சங்கம் பதிவானது.

டெப்போ நண்பன்:
அந்தப் போராட்டத்துக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் பந்தலைப் பிரித்த அரசோடுதானே உங்கள் கட்சியின் கூட்டணியும் தொடர்ந்தது? அமெரிக்காவில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் சங்கம் 1980 தேர்தலில் ரீகனை ஆதரித்தது. 1981 ஆகஸ்டில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அதே ரீகன் 11,000 பேருக்கு மேல் வேலையை விட்டுத் தூக்கினார். ஆதரவு கொடுப்பதற்கு முன்னால் என்ன நிபந்தனை எழுதி வாங்கினீர்கள் என்பதே என் கேள்வி.

ஒரகடம் ஒப்பந்தம்:
நிபந்தனை எழுதுகிற நாளில் கான்ட்ராக்ட் ஆட்களையும் கூப்பிடுங்கள். எங்களுக்கும் ரகசிய வாக்கு வேண்டும். எந்தச் சங்கம் பேச வேண்டும் என்று நாங்களும் சொல்ல வேண்டும்.

கிளைப் பொறுப்பாளர்:
ரகசிய வாக்குக்கு நான் தயார். கான்ட்ராக்ட் ஆட்களைச் சேர்ப்பது பற்றி மேலே கேட்டுத்தான் சொல்ல முடியும்.

ஒரகடம் ஒப்பந்தம்:
மேலே என்றால் சங்கத்திலா, கட்சியிலா அண்ணா?