மார்க்கெட் பாஸ்கெட் சூப்பர்மார்க்கெட் கடையோட கதை என்ன?

பாஸ்டன் பக்கம் புதுசா குடிவந்திருக்கோம், இங்க எல்லாரும் மார்க்கெட் பாஸ்கெட்ட சொந்தக்கடை மாதிரி பேசுறாங்களே, ஏன்?

பதில் 1:
1917ல லோவெல் ஊர்ல, கிரீஸ்ல இருந்து வந்த டிமோலஸ் தம்பதி ஆரம்பிச்ச சின்ன கடைங்க, ஆட்டுக்கறிக்கு பேர் போனது. 1954ல மகன்கள் டெலிமாக்கஸ், ஜார்ஜ் வாங்கி பெருசாக்குனாங்க. 1971ல ஜார்ஜ் இறந்துட்டாரு, அப்புறம் அண்ணன் தம்பி ரெண்டு குடும்பத்துக்கும் பங்குத் தகராறு வந்து 1990ல கோர்ட்டுக்கே போச்சு.

பதில் 2:
2014 தாங்க முக்கியம். டெலிமாக்கஸ் மகன், கடைய தலைமை தாங்கி நடத்துன ஆர்தர் டி.ய ஜூன்ல பதவில இருந்து தூக்குனதும், யூனியனே இல்லாத ஊழியர்கள் தெருவுக்கு வந்துட்டாங்க, ஜனங்க வேற கடைல வாங்கி அந்த பில்ல இங்க கண்ணாடில ஒட்டுனாங்க, அலமாரியெல்லாம் காலி, கடைசில ஆகஸ்ட்ல அவரு எதிர்த்தரப்பான ஜார்ஜ் குடும்பத்தோட 50.5% பங்க 150 கோடி டாலருக்கு மேல குடுத்து வாங்க ஒத்துக்கிட்டாரு. முதலாளிக்காக தொழிலாளி நின்னது இப்பவும் மனச தொடுது.

பதில் 3:
2025ல போர்டு ஆர்தர் டி.ய திரும்ப நீக்கிடுச்சு, இந்த தடவ சண்டை சொந்த அக்கா தங்கச்சிங்களோட. ரொம்ப கஷ்டமா இருக்கு.