புதுப்பிப்பு: வைஸ் எமுலேட்டரில் ஒலி திக்கிய சிக்கல் தீர்ந்தது

பழைய ராஸ்பெர்ரி பை என்ற சின்ன ஒற்றைப் பலகைக் கணினியில், மூலநிரலிலிருந்து நானே கம்பைல் செய்த வைஸில் (பழைய கமடோர் கணினிகளைப் போல நடிக்கும் மென்பொருள்), 1980களின் வீட்டுக் கணினியான கமடோர் 64-இன் விளையாட்டு இசை விட்டுவிட்டுக் கேட்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது.

காரணம், வைஸில் கமடோர் 64-க்காக நான் எடுத்த எக்ஸ்64எஸ்சி என்ற நிரல். ஒவ்வொரு கடிகாரச் சுழற்சியையும் அப்படியே நடித்துக்காட்டும் பதிப்பு அது. சின்ன பலகைக்குப் பாரம் அதிகம். கம்பைலுக்கு முன் எதெல்லாம் வேண்டும் என்று தேர்வு செய்யும் கான்ஃபிகர் கட்டத்திலேயே, துல்லியம் குறைந்த ஆனால் இலகுவான பழைய எக்ஸ்64 நிரலைச் சேர்த்து, ஜிடிகே3 என்ற திரை இடைமுகத்துக்குப் பதில் எஸ்டிஎல்2 இடைமுகத்துடன் மறுபடி கட்டினேன். கமடோரின் ஒலிச்சில்லான சிட்டை நடித்துக்காட்ட, துல்லியமான ரீசிட்டை விட்டு இலகுவான ஃபாஸ்ட்சிட். அப்புறம் திக்கவே இல்லை!

ஆனால் ஒலியில் சிட் சில்லின் ஃபில்டர் (ஒலியை வடிகட்டும் பகுதி) தரும் அடர்த்தி குறைகிறது, எனக்கு அது வருத்தம்தான். திரையை வரையும் கதிரின் நேரத்தை நுணுக்கமாகப் பிடிக்கும் டெமோக்களும் (கணினியின் திறமையைக் காட்டும் கலை நிரல்கள்) எக்ஸ்64-இல் பிசகலாம். அவற்றுக்காக எக்ஸ்64எஸ்சி பதிப்பை மடிக்கணினியில் தனியாக வைத்திருக்கிறேன்.

கமடோர் 64 தொடங்கும்போது நீலத் திரையில் வரும் 38911 பைட் நினைவகம் காலி என்ற வரியைப் பார்க்கும்போது இன்னமும் மனம் நிறைகிறது.