மலைக்கும் கொழும்புக்கும் ஓடும் காரின் டயர் காற்றை எங்கே வைத்துச் சரிபார்ப்பது?

நுவரெலியாவாசி:
வணக்கம். வேலை நிமித்தம் வாரந்தோறும் கொழும்புக்குச் சென்று வருகிறேன். என்னுடையது ஜப்பானிலிருந்து இறக்குமதியான சிறிய கார். கடந்த திங்கட்கிழமை மலையிலிருந்து ஒரே ஓட்டமாக இறங்கிய சூட்டோடு, கொழும்பில் ஒரு பெற்றோல் ஷெட்டில் பார்த்தபோது நான்கு டயர்களிலும் 36 பி.எஸ்.ஐ. காட்டியதால், கூடிய காற்றைத் திறந்துவிட்டு 32க்குக் கொண்டுவந்தேன். வெள்ளிக்கிழமை திரும்பும் வழியில், கினிகத்தேனை ஏற்றத்தில், கொட்டும் மழையில் பின் இடது டயர் முற்றாக இறங்கிவிட்டது. மெலிந்த ஸ்பெயார் சில்லை மாட்டி ஒருவாறு வீடு சேர்ந்தேன். சனிக்கிழமை டயர்க்கடையில், ஆணி எதுவும் இல்லை என்று கூறிக் காற்றை நிரப்பி மாட்டிவிட்டு, ஸ்பெயாருக்கும் 32 அடித்துத் தந்தார்கள். ஞாயிறு விடியற்காலை பார்த்தால் மற்ற மூன்றிலும் 28, பின் இடதில் 19. உயரம்தான் காற்றைக் குறைக்கிறதா?

பழைய கராஜ்காரன்:
தம்பி, இங்கே இரண்டு வெவ்வேறு சங்கதிகள் கலந்துவிட்டன. மூன்று டயர்களில் 28 காட்டியது நீங்கள் கொழும்பில் செய்ததன் விளைவு. ஓடிச் சூடேறிய டயரில் கூடுதலாகத் தெரியும் அழுத்தம் சூட்டினால் வந்ததேயன்றி, மிகையாக அடித்த காற்று அல்ல. அதைத் திறந்துவிட்டால், டயர் ஆறியதும் அந்த அளவு குறையாகத் தெரியும்.

உயரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் கொழும்பைவிட ஏறத்தாழ 3 பி.எஸ்.ஐ. குறைவு. கேஜ் காட்டுவது டயரின் உள்ளழுத்தத்துக்கும் வெளியழுத்தத்துக்கும் இடையிலான வித்தியாசத்தையே என்பதால், உயரம் மட்டும் என்றால் எண் கூடத்தான் வேண்டும். ஆனால் கொழும்பின் காலை வெப்பநிலைக்கும் நம் ஊர் விடியற்குளிருக்கும் 15 பாகை செல்சியஸ் வித்தியாசம் இருந்தால், அது இரண்டு, இரண்டரை பி.எஸ்.ஐ. வரை எண்ணைக் குறைத்துவிடும். ஒன்றையொன்று கிட்டத்தட்ட ஈடுசெய்துவிடுவதால், கொழும்பில் அதிகாலை, கார் அசையுமுன் 32 வைத்தால், நுவரெலியா விடியலிலும் ஏறத்தாழ அதே 32 இருக்கும். ஆகவே ஊர் எதுவானாலும், இரவு முழுதும் நின்ற காரில் பாருங்கள். சாரதி பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் உங்கள் காருக்கான அளவு இருக்கும். ஜப்பான் கார்களில் அது கிலோபாஸ்கலில் இருக்கும், 220 என்றால் 32 பி.எஸ்.ஐ. டயரின் பக்கச் சுவரில் அச்சடித்திருப்பது உச்ச வரம்பு, அதை அளவாகக் கொள்ளாதீர்கள்.

19 மட்டும் கசிவு. ஆணி இல்லை என்பதற்காகக் கசிவு இல்லை என்று ஆகாது. சவர்க்கார நுரையை வால்வின் வாயிலும் அடியிலும், ரிம் டயரைத் தொடும் விளிம்பு முழுவதிலும் தடவிப் பாருங்கள். நம் பக்கத்து ஈரத்தில் இரும்பு ரிம்களின் விளிம்பு துருப்பிடித்து மெல்லக் காற்றுவிடுவது அடிக்கடி நடக்கிற காரியம்.

தலவாக்கலைத் தம்பி:
ஸ்பெயாரைக் கவனியுங்கள் அண்ணா. அந்த மெல்லிய தற்காலிகச் சில்லுக்கு 32 போதாது. வழக்கமாக 420 கிலோபாஸ்கல், அதாவது 60 பி.எஸ்.ஐ. வேண்டும், அதன் மேலேயே எழுதியிருக்கும். வேகமும் மணிக்கு 80 கிலோமீற்றரைத் தாண்டக்கூடாது. நம் வளைவுகளில் அதைவிட மெதுவாகப் போவதே நல்லது.

இன்னொன்று, ஏற்றத்தில் ஜாக் போடுவது. நானும் ஒருமுறை அப்படித் தூக்கி, கார் அரை அங்குலம் பின்னே நகர்ந்தபோது உயிர் போய் வந்தது. டயர் பாழானாலும் பரவாயில்லை, மெல்ல உருட்டிச் சமதரைக்குப் போய்விடுங்கள். அதற்கும் வழியில்லை என்றால், கைப்பிரேக்கை இழுத்து, கியரில் போட்டு, தரையில் நிற்கும் சில்லுகளுக்குச் சரிவின் கீழ்ப்பக்கமாகப் பெரிய கற்களை முட்டுக் கொடுத்து, சில்லு தரையில் இருக்கும்போதே நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்திய பிறகுதான் ஜாக்கைத் தொடவேண்டும்.

நுவரெலியாவாசி:
இருவருக்கும் நன்றி. சவர்க்கார நுரை தடவியதும் வால்வின் அடியில், ரப்பர் வெடித்திருந்த இடத்தில், கடுகளவு குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ரிம்மில் ஒன்றும் இல்லை. இன்று வால்வை மாற்றிவிட்டேன். ஸ்பெயாருக்கு 60 அடித்தாயிற்று. மற்றவற்றை நாளை விடிய, வீட்டு வாசலிலேயே வைத்து 32க்கு நிரப்புவேன்.