மாடியில் பப்பாளி: ஆணா பெண்ணா என்று பூக்கும் முன்பே அறிய முடியுமா?

கேள்வி (மாடித்தோட்டம், மதுரை)

வணக்கம். மொட்டைமாடியில் மூன்று பெரிய டிரம்களில், டிரம்முக்கு இரண்டாக ஆறு பப்பாளிக் கன்றுகளை வளர்த்து வருகிறேன். சந்தையில் வாங்கிய உருண்டையான பழம் ஒன்றின் விதைகளை ஜனவரியில் ஊன்றினேன். ஜூன் பாதியாகிவிட்ட இப்போது கன்றுகள் மார்பளவு உயர்ந்திருக்கின்றன. ஒன்றில் முழ நீளக் காம்பு தொங்கி, அதில் சிறு வெண்பூக்கள் கொத்தாக வந்துள்ளன. இன்னொன்றில் இலைக்காம்பின் கக்கத்தை ஒட்டியே இரண்டு மூன்று ஒல்லியான பூக்கள் மலர்ந்து, பிஞ்சு பிடிக்காமல் உதிர்கின்றன. மற்ற நான்கும் மொட்டு விடவில்லை. இவை ஆணா பெண்ணா என்று இலையையோ தண்டையோ பார்த்து அறிய வழி உண்டா? பூ உதிர்க்கும் இரண்டு செடிகளையும் வெட்டிவிடலாமா? ஆண் மரத்தில் ஆணி அடித்தால் காய்க்கும் என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர்; அதில் உண்மை இருக்கிறதா? பூக்கும் பருவத்துக்கு என்ன உரம் இட வேண்டும் என்பதையும் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.

பதில் 1 (பப்பாளி விவசாயி)

இலையின் வெட்டு, தண்டின் நிறம், வேர் நேராக இறங்குகிறதா என்பவற்றையெல்லாம் அடையாளமாகச் சொல்வார்கள். நான் அவற்றை நம்பிக் கன்று கழித்து ஒருமுறை ஏமாந்தவன். பூ வந்தால்தான் தெரியும் என்பதால்தான் வயலில் குழிக்கு மூன்று நான்கு கன்றுகள் நட்டு, பூத்தபின் வேண்டாதவற்றைக் கலைக்கிறோம். முழ நீளக் காம்பில் கொத்தாகத் தொங்குவது ஐயத்துக்கு இடமில்லாத ஆண். பெண் பூ குட்டையான காம்பில் தண்டை ஒட்டியே வரும். இதழ்களைப் பிரித்தால் உள்ளே உருண்டையான சூல்பை குண்டாகத் தெரியும், மகரந்தப்பை ஒன்றுகூட இராது. கலைக்கும்போது செடியைப் பிடுங்காமல் மண்மட்டத்தில் அறுத்துவிடுங்கள். ஒரே டிரம்மில் இரண்டின் வேர்களும் பின்னிக் கிடக்கும் என்பதால், ஒன்றைப் பிடுங்கினால் மற்றதும் ஆட்டம் காணும்.

பதில் 2 (தோட்டக்கலை படித்தவர்)

மேலே சொன்னது சரி. ஆனால் இரண்டாவது செடியை அவசரப்பட்டு வெட்ட வேண்டாம். பப்பாளியில் ஆண், பெண் என்னும் இரண்டோடு, ஒரே பூவில் சூல்பையும் மகரந்தமும் கொண்ட இருபால் செடியும் உண்டு. கடும் வெயிலில் இருபால் பூவின் சூல்பை வளராமல் சுருங்கிவிடும். அப்போது அது பார்ப்பதற்கு ஆண் பூவைப் போலவே ஒல்லியாக இருந்து உதிரும். வெயில் தணிந்தபின் அதே செடி காய்க்கக்கூடும். ஆகவே பூவின் வடிவத்தைவிடக் காம்பின் நீளத்தையே பாருங்கள்.

விதை எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். உருண்டைப் பழம் பெரும்பாலும் பெண் மரத்தின் பழம். இருபால் மரத்தின் பழம் நீண்டிருக்கும். பெண் மரத்துக்கு ஆண் மரத்தின் மகரந்தம் சேர்ந்தால் கன்றுகளில் ஆணும் பெண்ணும் ஏறத்தாழப் பாதிப்பாதி. இருபால் மரத்தின் மகரந்தம் சேர்ந்தால் பெண்ணும் இருபாலும் பாதிப்பாதி. ஒரே பழத்துக்குள் பல மரங்களின் மகரந்தம் கலந்திருக்கலாம் என்பதால், உங்கள் டிரம்களில் மூன்று வகையும் இருப்பதில் வியப்பில்லை. ஆண் கன்றே வேண்டாம் என்பவர்கள், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 7 அல்லது தைவானின் ரெட் லேடி போன்ற, பெண்ணும் இருபாலும் மட்டுமே வரும் வகைகளின் விதையை வாங்குவது நல்லது. கோ 2, கோ 8 ஆகியவற்றில் ஆணும் பெண்ணும் தனித்தனியாகவே வரும்.

ஆணியைப் பற்றி: ஆண் மரம் சில பருவங்களில் தானாகவே இருபால் பூ விட்டு, நீண்ட காம்பில் ஒன்றிரண்டு காய்களைத் தொங்கவிடுவது உண்டு. அதற்குச் சற்று முன் யாராவது ஆணி அடித்திருந்தால் பெருமை ஆணிக்குப் போய்விடுகிறது. துளை வழியே அழுகல் இறங்குவதுதான் மிச்சம்.

பதில் 3 (மாடித்தோட்டம், திருச்சி)

உரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. வயலுக்கான பரிந்துரை, வேண்டாத செடிகளைக் கலைத்தபின், மூன்றாம் மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, செடிக்குத் தழை, மணி, சாம்பல் சத்துகள் ஒவ்வொன்றும் 50 கிராம் என்பது. டிரம்மில் அதை ஒரே தடவையில் கொட்டினால் வேர் கருகிவிடும். நான் அந்த அளவில் பாதியை நான்கு பங்காக்கி, பதினைந்து நாளுக்கு ஒரு பங்காக, மண்புழு உரத்தோடு சேர்த்து இடுகிறேன். சில செடிகளை இருட்டில் வைத்துப் பூக்கச் செய்வதுபோலப் பப்பாளிக்கு எந்த ஏற்பாடும் தேவையில்லை. பகலின் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் செடி அல்ல இது. அதற்கு வேண்டியது முழு வெயிலும், தேங்காத நீரும். டிரம்மின் அடித்துளை அடைபட்டு இரண்டு நாள் நீர் நின்றாலே தண்டின் அடி அழுகத் தொடங்கும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. இன்று காலை அளந்து பார்த்தேன். இரண்டாவது செடியின் காம்பு கட்டைவிரல் நீளம்கூட இல்லை. அதை விட்டுவைக்கிறேன். முழ நீளக் காம்புள்ள ஆணை இப்போதே அறுத்துவிடலாமா?

பதில் 1 (பப்பாளி விவசாயி)

மற்ற நான்கும் பூக்கும் வரை பொறுங்கள். வயலில் பதினைந்து இருபது பெண்ணுக்கு ஓர் ஆண் போதும். ஆனால் உங்களுக்கு நான்கும் பெண்ணாக அமைந்து, அக்கம்பக்கத்தில் வேறு பப்பாளி மரம் இல்லாவிட்டால், மகரந்தத்துக்கு அந்த ஒன்றைத்தான் நம்ப வேண்டியிருக்கும். அதே டிரம்மில் உள்ள துணைச்செடியை அது நெருக்கினால், தழையைக் கொஞ்சம் கழித்துவிடுங்கள். காலையில் புதிதாக விரிந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவிலுள்ள சூல்முடியில் மெல்லத் தடவினால் காய் பிடிக்கும். பெண் செடிகளில் பிஞ்சுகள் நிலைத்தபின் அறுக்கலாம்.