ஸ்டிர் ஃப்ரைக்குத் தமிழ் என்ன? வியாழன் அச்சுக்குப் போகிறது

மொழிபெயர்ப்பாளர், வெள்ளவத்தை

எல்லோருக்கும் வணக்கம். சமையல் வகுப்பு ஒன்றுக்காகச் சீன, இந்தோனேசிய, தாய்லாந்துச் சோற்று வகைகள் பற்றிய கைந்நூலைத் தமிழாக்குகிறேன். எல்லாம் முடிந்தது, ஸ்டிர் ஃப்ரை ஒன்றுதான் இடிக்கிறது. 'வறுக்கவும்' என்றால் செத்தல் மிளகாய்க்குச் செய்வதுபோல எண்ணெயில்லாமல் வறுப்பார்கள். 'பொரிக்கவும்' என்றால் எண்ணெய்க்குள் அமிழ்த்துவார்கள். 'வதக்கவும்' என்றால் வெங்காயத்துக்குப்போலத் தீயைக் குறைத்துவிடுவார்கள். பெருந்தீயில், கொஞ்ச எண்ணெயில், கை ஓயாமல் பிரட்டி இரண்டு மூன்று நிமிடத்தில் இறக்குவதற்கு ஒரு சொல் தாருங்கள்.

சென்னையிலிருந்து ஒருவர்

பொரியல் என்றே போடலாமே? பீன்ஸ் பொரியல் எண்ணெயில் அமிழ்வதில்லையே.

மனைப்பொருளியல் ஆசிரியை, பம்பலப்பிட்டி

அது உங்கள் ஊர்ப் பொரியல் தம்பி. இங்கே கத்தரிக்காய்ப் பொரியல், மீன் பொரியல் என்றால் தாச்சி நிறைய எண்ணெய். அந்தச் சொல்லை நம்பி யாராவது பிரைட் ரைஸ் செய்தால் வடிதட்டும் தேவைப்படும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கொட்டாஞ்சேனை

இரவல் எதற்கு? குறுந்தொகை 167இல் கூடலூர் கிழார் 'தான்துழந் தட்ட தீம்புளிப் பாகர்' என்கிறார். துழத்தல் என்றால் துழாவுதல். அதிலிருந்து 'துழவறை' என்று ஆக்கலாம். அதே பாட்டில் 'குய்ப்புகை' வருகிறது, தாளிக்கும்போது எழும் புகை. கன்டோனியச் சமையற்காரர் தாச்சியின் மூச்சை 'வொக் ஹெய்' என்கிறார்களாமே. குய், ஹெய்: ஓசையைக் கவனியுங்கள். நம் வணிகர் கடல் கடந்தபோது குய்யும் கூடப் போயிருக்க வேண்டும்.

மொழியியல் மாணவர், தெகிவளை

ஐயா, குறுந்தொகைக்குத் தலைவணங்குகிறேன், ஆனால் குய்யைக் கப்பலேற்ற வேண்டாம். கன்டோனியர் 'ஹெய்' என்பதைத்தான் மாண்டரினில் 'ச்சி' என்கிறார்கள். பொருள் காற்று, மூச்சு. குய்க்கும் அதற்கும் ஓசை ஒப்புமை மட்டுந்தான். அப்புறம், துழவை என்று பெரும்பாணாற்றுப்படை சொல்வது அரிசிக் கூழை. துழவறை என்று போட்டால் சோறு களியாகத்தான் வரும்.

இன்னொன்று. ஸ்டிர் ஃப்ரை என்ற ஆங்கிலச் சொல்லே பழையது அல்ல. 1945இல் பூவெய் யாங் சாவ் என்ற சீனப் பெண் தன் சமையல் நூலுக்காக ஆக்கியது. சீனத்தில் 'ச்சாவ்' என்று ஓரசை வினை. அவர் கை செய்கிற இரண்டு வேலையை ஒட்டவைத்தார், அவ்வளவுதான். கொத்துரொட்டிக்கு எந்தக் குழு கூடியது?

ஹோட்டல் சமையற்காரர், கொள்ளுப்பிட்டி

சொல் எதுவாகவும் இருக்கட்டும், சோற்றைப் பற்றி யாரும் பேசவில்லையே. தங்கச்சி, முதல் நாள் சோறு என்று கொட்டை எழுத்தில் போடுங்கள். சுடுசோற்றைத் தாச்சியில் போட்டால் அகப்பையோடு ஒட்டிக்கொண்டு வரும். வீட்டுக் காஸ் அடுப்பில் எங்கள் அடுப்பின் சூடு வராது, அதனால் ஒரு தடவைக்கு இரண்டு பேருக்குத்தான். நிறையப் போட்டால் சூடு இறங்கி, தண்ணீர் விட்டு, சோறு அவியத் தொடங்கிவிடும். சோயா சோஸைச் சோற்றின்மேல் ஊற்றாமல் தாச்சியின் ஓரத்தில் விடுங்கள், சுர்ரென்று கருகுகிற வாசம் பிடிக்கும். ஐயாவின் குய் அதுதான் என்றால் எனக்குச் சம்மதம்.

மனைப்பொருளியல் ஆசிரியை

காரணத்தையும் போடுங்கள் பிள்ளை. குளிரில் மாப்பொருளின் அமைலோசு மறுபடி இறுகுவதால்தான் பருக்கை பிரிந்து நிற்கிறது. ஆனால் முதல் நாள் சோறு என்றவுடன் இரவு முழுக்க மேசையில் மூடி வைப்பார்கள். கொழும்புப் புழுக்கத்தில் அது ஆபத்து. பசிலஸ் சீரியஸ் என்ற பக்டீரியாவின் வித்திகள் அவித்தாலும் சாகாது, அது விடும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சோற்றைத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜில் வைக்க வேண்டும்.

சொல்லுக்கு வருகிறேன். வறை இருக்கிறதே! முருங்கையிலை வறை, சுறா வறை. எண்ணெய் கொஞ்சம், தாச்சி, விடாத பிரட்டல். 'தாச்சிவறை' என்று வையுங்கள்.

சென்னையிலிருந்து ஒருவர்

தாச்சி என்றால் என்ன?

ஹோட்டல் சமையற்காரர்

உங்கள் வாணலி, அண்ணை. தேங்காய்ப்பூ இல்லாமல் வறையா என்று என் மனைவி கேட்கிறா. ஸ்டிர் ஃப்ரை என்றே விட்டால் என்ன? மெனுவில் அப்படித்தானே கிடக்கிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அப்படியானால் கைந்நூலை எதற்குத் தமிழாக்குகிறீர்கள்?

மொழிபெயர்ப்பாளர்

அச்சகத்தில் இருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். தலைப்பில் 'தாச்சிவறை' என்று போடுகிறேன். செய்முறைக்குள் 'பெருந்தீயில் விடாமல் பிரட்டவும்' என்று முழு வசனமாகவே எழுதிவிட்டேன். இந்தோனேசியரின் பிரைட் ரைஸான நாசி கொரேங்கை அப்படியே விட்டுவிட்டேன், அதற்கும் யாராவது பெயர் வைக்கத் தொடங்க வேண்டாம். எல்லோருக்கும் நன்றி.

மொழியியல் மாணவர்

சரி, என் வாக்கும் அதற்கே.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

பெரும்பான்மைக்குப் பணிகிறேன், உடன்படவில்லை. எல்லா வறையும் தாச்சியில்தானே செய்கிறார்கள்? சட்டியில் செய்த வறையை இங்கே யாராவது சாப்பிட்டிருக்கிறீர்களா?

மனைப்பொருளியல் ஆசிரியை

என் மாமி மண்சட்டியில்தான் செய்வா, ஐயா.