இறக்கை நுனி உரசல்கள்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

ராம்ப்வாசி:
விமானத்தை நிறுத்துமிடத்திலிருந்து பின்னால் தள்ளும் புஷ்பேக் நேரத்தில் இறக்கை நுனியோடு சேர்ந்து கையில் குச்சி விளக்குடன் நடப்பவரை விங் வாக்கர் என்போம். அந்த வேலையைப் பல வருடம் பார்த்தவன் நான். ஒரு மழைநாள் இரவு, ஏ320 விமானம் ஒன்றைப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தோம். பக்கத்து நிறுத்துமிடத்தில் முந்தைய விமானத்துக்குப் போட்ட ஏணி வண்டியைச் சிவப்பு எல்லைக் கோட்டுக்கு வெளியே விட்டுப் போயிருந்தார்கள். நடுவில் கேட்டரிங் லாரி மறைத்ததால் விமானத்தைத் தள்ளும் வண்டியான டக்கின் டிரைவருக்குத் தெரிய வழியில்லை. இரண்டு குச்சிகளையும் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்தேன். டக் நின்றது. நுனிக்கும் ஏணியின் கைப்பிடிக்கும் இடையே ஓர் ஆள் நிற்கும் இடம்கூட இல்லை.

அதற்கப்புறம் நடந்ததுதான் இன்னும் உறுத்துகிறது. ஏணியை அங்கே விட்டது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. தாமதத்துக்கு என்ன காரணம் எழுதுவது என்று என்னிடம்தான் சத்தம் போட்டார்கள். நிறுத்தியவனையே கேள்வி கேட்டால், அடுத்த முறை நிறுத்த யாருக்குக் கை வரும்?

ஜன்னல்சீட்:
அண்ணே, பயணியாக நான் பார்த்ததைச் சொல்கிறேன். தரையிறங்கி நிறுத்துமிடத்துக்குத் திரும்பும் இடத்தில் விமானம் சட்டென்று நின்றுவிட்டது. பக்கத்தில் நிற்கும் வண்டி ரொம்ப நெருக்கமாக இருக்கிறது, ஆள் வந்து பார்க்கும்வரை நகர மாட்டோம் என்று கேப்டன் அறிவித்தார். உள்ளே ஒரே முணுமுணுப்பு. எழுந்து பெட்டியை எடுக்கப் போனவர்களும் உண்டு. எனக்கு மட்டும் நிம்மதியாக இருந்தது. 2024 மார்ச் 27 அன்று கொல்கத்தாவில் நடந்ததைப் படித்திருந்தேன். சென்னைக்குப் புறப்பட வேண்டிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதைக்குள் நுழையக் காத்து நின்றது. தர்பங்கா போகும் இண்டிகோ விமானம் ஊர்ந்து வந்து அதன் இறக்கையை உரசியது. நுனியில் ஒரு துண்டு உடைந்து கீழே விழுந்தது. இண்டிகோ விமானிகள் இருவரையும் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ பணியிலிருந்து விலக்கி வைத்தது.

பழைய கேப்டன்:
தம்பி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பெரிய விமானங்களில் விமானி இருக்கையிலிருந்து இறக்கை நுனி சரியாகத் தெரியாது. அது பல மீட்டர் பின்னால் இருக்கிறது. இறக்கை பின்புறமாகச் சாய்ந்திருப்பதால், திரும்பும்போது நுனி நாம் நினைப்பதைவிட வெளியே வீசிக்கொண்டு வரும். நேராகப் போகும்போது இருந்த இடைவெளி வளைவில் இருக்காது.

விமானம் ஊர்ந்து போகும் பாதையான டாக்ஸிவேயில் போட்ட மஞ்சள் கோட்டின் மேலேயே போனால் ஆபத்தில்லை என்று பலர் நினைக்கிறார்கள். எந்த அளவு விமானத்துக்காகப் போட்ட டாக்ஸிவேயோ, அந்த அளவுக்குத்தான் அந்தக் கோடு உத்தரவாதம். நுனிக்கு நுனி இறக்கை அகலம் 24 முதல் 36 மீட்டருக்குள் என்றால் சி வகை. அதில்தான் ஏ320, 737 எல்லாம் வரும். 52 முதல் 65 மீட்டருக்குள் என்றால் ஈ வகை. ஜோகன்னஸ்பர்க்கில் 2013 டிசம்பர் 22 இரவு பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 ஒன்று, பிராவோ டாக்ஸிவேயில் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராகப் போய், குறுகலான மைக் டாக்ஸிவேயில் நுழைந்தது. அதன் இறக்கை 64 மீட்டருக்கும் மேல் அகலம். வலது இறக்கை ஓரத்திலிருந்த கட்டிடத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனது. விமானத்தில் யாருக்கும் காயமில்லை. கட்டிடத்துக்குள் இருந்த 4 பேருக்குச் சிறு காயம். வேலை முடிந்து வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் அவர்கள். அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

டக்_டிரைவர்:
எங்கள் பக்கமும் கொஞ்சம் கேளுங்கள். டக்கில் உட்கார்ந்தால் எனக்குத் தெரிவது முன்சக்கரமும் விமானத்தின் வயிறும்தான். இரண்டு நுனிகளும் விங் வாக்கர் கண்ணில்தான் இருக்கின்றன. 2022 மார்ச் 28 அன்று டெல்லியில் ஸ்பைஸ்ஜெட் 737 மின்கம்பத்தில் இடித்ததும் புஷ்பேக்கில்தான். ஜம்மு போக வேண்டிய பயணிகளை வேறு விமானத்தில் அனுப்பினார்கள். குச்சி இரண்டும் கண்ணுக்குத் தெரியாவிட்டால் நான் டக்கை நகர்த்துவதே இல்லை. சிக்னல் காட்டுகிறவர் மறைந்துவிட்டார் என்றால் நிற்க வேண்டியதுதான்.

ஜன்னல்சீட்:
கேப்டன் சார், சாதாரண காரிலேயே கேமரா வந்துவிட்டதே, இதற்கு வைக்க முடியாதா?

பழைய கேப்டன்:
நியாயமான கேள்வி. 777-300இஆர் போன்றவற்றில் தரைக் கேமரா இருக்கிறது. ஆனால் அது சக்கரங்கள் பாதையை விட்டு இறங்காமல் இருக்கின்றனவா என்று பார்க்கத்தான். 2011இல் நியூயார்க் ஜேஎஃப்கேயில் ஏர் பிரான்ஸ் ஏ380 ஒரு சிறிய சிஆர்ஜே விமானத்தின் வாலில் தட்டி, அதை அப்படியே சுழற்றிவிட்டது. நுனி தெரியாத பெரிய விமானங்களில் கேமரா மாதிரி மோதல் தடுப்பு வசதி வேண்டும் என்று அமெரிக்காவின் விபத்து விசாரணை அமைப்பான என்டிஎஸ்பி 2012இல் பரிந்துரைத்தது. 2024 செப்டம்பரில் அட்லாண்டாவில் டெல்டா ஏ350இன் இறக்கை நுனி இன்னொரு சிஆர்ஜேயின் வாலையே பெயர்த்துப் போட்டது. இவ்வளவு வருடம் போயும் இது நடக்கிறது என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

சந்தேகம் வந்தால் பார்க்கிங் பிரேக் போட்டுவிட்டு ஆள் அனுப்பச் சொல்வேன். தேவைப்பட்டால் டக் கேட்பேன். பின்னால் நாலு விமானம் காத்திருந்தாலும் சரி.

ராம்ப்வாசி:
நன்றி சார். மற்ற ஊர்களில் ராம்ப்பில், அதாவது விமானம் நிற்கும் தளத்தில், வேலை பார்ப்பவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். இரவு ஷிஃப்டில் உங்களிடம் இரண்டு இறக்கைக்கும் ஆள் போடுகிறார்களா, இல்லை ஒருவரே இரண்டு பக்கமும் ஓட வேண்டியிருக்கிறதா?